கூப்பிட்டால் திரும்புகிறாள்

ஜனவரி 9

அக்காவுக்கு,

பூசணிக்குக் காது கேட்காது. சுற்றி வளைத்து எழுத எனக்கு வராது, அதனால் முதல் வரியிலேயே எழுதிவிட்டேன்.

நேற்று காலை நானும் அவரும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனோம். போகத் தேவையில்லை என்று நீ சொல்லியிருந்தாய், உன்னிடம் சொல்லாமல்தான் போனோம். வருகிற ஏப்ரலில் நாலு வயசு முடியப்போகிறது, ஒரு வார்த்தை வரவில்லை, இனிமேல் உன் அக்கா சொன்னாலும் கேட்கமாட்டேன் என்று அவர் ஒரே பிடியாக நின்றார். நான் உனக்காக அவரிடம் சண்டைகூடப் போட்டேன். அதை நினைத்தால் என்னை நானே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது.

காது பார்க்கிற பிரிவில் ஒரு சின்ன அறை, சுவர் முழுக்கத் துளை துளையாக அட்டை. அவளை என் மடியில் வைத்து ஒரு பெரிய ஹெட்போனை மாட்டினார்கள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒரு பெண் உட்கார்ந்து திருகைத் திருப்பிச் சத்தத்தைக் கூட்டிக்கொண்டே போனாள். ஹெட்போனுக்கு வெளியே கசிந்த சத்தத்திலேயே எனக்குப் பல் கூசியது. பூசணி என் சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டிருந்தாள். பிறகு அவளைத் தூங்கவைத்து, தலையில் ஒயர் ஒட்டி இன்னொரு பரிசோதனை. அதிலும் அதேதான். பிறவியிலிருந்தே இப்படி, இரண்டு காதும், கொஞ்சநஞ்சம்கூட இல்லை என்றார்கள்.

அந்தப் பெண் வெளியே வந்து கேட்டாள்: "இத்தனை நாளா யார்கிட்டயும் காட்டலையா?"

என் அக்கா ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் குழந்தை வளர்ச்சிப் பாடம் நடத்துகிறாள், அவள்தான் மாதா மாதம் பார்த்துக்கொண்டிருந்தாள் என்று சொன்னேன். அந்தப் பெண் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு எழுத ஆரம்பித்தாள்.

நீ அனுப்பிய வளர்ச்சி அட்டவணையை ஒரு மாதமும் தவறாமல் நிரப்பி உனக்கு அனுப்பினேன். கவிழ்ந்தாள், தவழ்ந்தாள், ஒளித்துவைத்த பொத்தானைத் தேடி எடுத்தாள். ஒவ்வொன்றுக்கும் பச்சை மையில் டிக் போட்டுத் திருப்பி அனுப்பினாய். பரீட்சையில் நானே பாஸான மாதிரி அதையெல்லாம் சமையலறைக் கதவில் ஒட்டிவைத்தேன். பத்தாம் மாதம் 'ம்மம்ம' என்றாள், அப்புறம் நின்றுபோனது. கேட்டேன். பேச்சு உள்ளே சேர்ந்துகொண்டிருக்கிறது, ஒருநாள் கொட்டித் தீர்த்துவிடுவாள் என்று எழுதினாய். இரண்டு வயசில் கேட்டேன். குழந்தை தன் படியைத் தானே ஏறும், நீ தூக்கிவிடாதே என்று எழுதினாய். மூன்று வயசில் கேட்டதற்கு ஆறு பக்கம் எழுதினாய். பாதி எனக்குப் புரியவில்லை, ஆனாலும் படித்ததும் நிம்மதியாக இருந்தது. இப்போது அந்த நிம்மதியை நினைத்தால்தான் வயிறு எரிகிறது.

பிறக்கும்போதே நாலேகால் கிலோ என்று அவளுக்குப் பூசணி என்று பெயர் வைத்தவள் நீ. இந்த நாலு வருஷத்தில் அந்தப் பெயரை அவள் ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. உன் அட்டவணையில் இதற்குக் கட்டம் இருக்கிறதா அக்கா? எந்த மையில் டிக் போடுவாய்?

உன் தங்கை


ஜனவரி 17

சின்னவளுக்கு,

உன் கடிதத்தை மூன்று முறை படித்தேன். பதினோரு மணிக்கு வகுப்பு இருந்தது, போனேன். என்ன நடத்தினேன் என்று நினைவில்லை. முன்வரிசை மாணவி ஒருத்தி வந்து தண்ணீர் கொடுத்துவிட்டுப் போனாள்.

உன் கோபம் நியாயமானது. நான் அதற்குப் பதில் சொல்ல முயலவில்லை. ஆனால் ஒன்றை மட்டும் கேட்க அனுமதி கொடு. நீ அனுப்பிய தாள்கள் எல்லாம் என் கோப்பில் வரிசையாக இருக்கின்றன. நேற்று மாலை எடுத்துவைத்துப் பார்த்தேன். ஒன்பதாவது கேள்வி, 'கூப்பிட்டால் திரும்புகிறதா?' ஆறாம் மாதத்திலிருந்து போன மாதம் வரை ஒரு தாள் விடாமல் உன் கையெழுத்தில் ஒரே பதில்தான்: 'கூப்பிட்டால் திரும்புகிறாள்.' ஓரிடத்தில், 'முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாலும் டக்கென்று திரும்புகிறாள், கெட்டிக்காரி' என்றுகூட எழுதியிருக்கிறாய்.

காது கேளாத குழந்தை முதுகுப் பக்கம் கூப்பிட்டால் எப்படித் திரும்பும்? உன்னைக் குற்றம் சொல்வதற்காக இதை எழுதவில்லை. இன்னொரு இடத்தில் மறுபடி பரிசோதித்துப் பார்க்கலாமே என்றுதான். கருவிகளும் தவறும்.

மற்றபடி நான் உனக்குச் சொன்னது எதுவும் என் சொந்தக் கற்பனை அல்ல. குழந்தை என்பது நாம் ஊற்றி நிரப்பும் பாத்திரம் அல்ல, தொட்டுப் பார்த்து, தள்ளிப் பார்த்து, தன் அறிவைத் தானே கட்டிக்கொள்கிறது, ஒவ்வொரு கட்டத்துக்கும் அதற்கான காலம் உண்டு, பெரியவர்களின் அவசரம்தான் பல நேரம் கெடுக்கிறது. இருபத்திரண்டு வருஷமாக இதைத்தான் நடத்துகிறேன். நூற்றுக்கணக்கான ஆசிரியர்கள் இதைப் படித்துவிட்டுப் போய்க் குழந்தைகளை அடிக்காமல் இருக்கிறார்கள். நம் வீட்டிலேயே இப்படி ஆனதுதான் சங்கடம். நீ எழுதியதை வைத்துத்தான் நான் முடிவு செய்யமுடியும், இல்லையா?

மாப்பிள்ளையிடம் என் மேல் கோபப்படவேண்டாம் என்று சொல்.

அக்கா


ஜனவரி 25

அக்காவுக்கு,

உன் கடிதம் மதிய இடைவேளையில் வந்தது. படித்துக்கொண்டே மாடி ஏறினேன். பூசணி ஜன்னலோரம் எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாள். கூப்பிட்டேன். திரும்பினாள். ஒரு நிமிஷம் நீ சொல்வது சரிதான் என்று நினைத்து ஆஸ்பத்திரிக்காரர்களை வாய்க்கு வந்தபடி திட்டினேன். அப்புறம் குனிந்து என் காலைப் பார்த்தேன்.

உனக்கு எங்கள் அச்சகம் தெரியும். கீழே மிஷின் கூடம், நடுவில் நாங்கள் தாள் மடித்துத் தைக்கிற பைண்டிங் பகுதி, அதற்கு மேலே எங்கள் வீடு. மிஷின் ஓடினால் பக்கத்தில் நிற்பவள் கத்தினாலும் விளங்காது. அதனால்தான் போனை விட்டுவிட்டு நாம் கடிதம் எழுதிக்கொண்டிருக்கிறோம். அங்கே யாரும் யாரையும் வாயால் கூப்பிடுவதில்லை. தரை முழுக்கப் பழைய மரப்பலகை, காலால் தட்டினால் கடைசி மேசை வரைக்கும் அதிரும். இரண்டு தட்டு என்றால் திரும்பு, மூன்று என்றால் டீ. பதினோரு வருஷமாக இதே பழக்கம். வாயால் கூப்பிடும்போதும் கால் தானாகத் தட்டிவிடுகிறது, எனக்கே தெரியாமல். வீட்டுக்குள்ளும், சமையலறையும் குளியலறையும் தவிர, அதே மரப்பலகைதான்.

உன் கேள்வித்தாளில் 'கூப்பிட்டால்' என்று இருந்தது. எப்படிக் கூப்பிடுகிறாய் என்று நீ கேட்கவில்லை. எனக்கும் சொல்லத் தோன்றவில்லை. மூச்சு விடுவதையெல்லாம் யாராவது எழுதி அனுப்புவார்களா?

அவளைக் குளியலறைக்குக் கூட்டிப்போனேன். அங்கே சிமெண்டுத் தரை. குழாய்ப் பக்கம் திருப்பி நிறுத்திவிட்டுப் பின்னால் நின்று கூப்பிட்டேன். பூசணி என்றேன். தடிச்சி என்றேன். கண்ணே, அம்மாவைப் பாரேன் என்றேன். பிறகு என்ன கத்தினேன் என்று தெரியவில்லை, சாப்பாட்டைப் பாதியில் விட்டுவிட்டு ஃபோர்மேன் படியேறி ஓடிவந்துவிட்டார். அவர் என்னைத் தோளைப் பிடித்து உட்காரவைத்தபோதும் அவள் குழாயில் சொட்டுகிற தண்ணீரை விரலால் பிடித்துக்கொண்டிருந்தாள். திரும்பவே இல்லை.

ஆகவே குற்றம் என்னுடையதுதான், உன் கோப்பில் அப்படியே எழுதிக்கொள். அவள் பெயர் அவளுக்கு இரண்டு அதிர்வு. நான் பாடிய தாலாட்டு, திட்டிய திட்டு, கொஞ்சிய கொஞ்சல் எல்லாம் காற்றோடு போய்விட்டது. தூங்குகிற பிள்ளையிடம் மணிக்கணக்காகக் கதை சொல்லியிருக்கிறேன் அக்கா.

ஒன்று கேட்கிறேன், தெரிந்தால் சொல், தெரியாவிட்டால் தெரியாது என்று சொல். நாம் எல்லாரும் மனசுக்குள் ஏதாவது பேசிக்கொண்டேதானே இருக்கிறோம். பால் வைக்கணும், கதவைச் சாத்தணும், அவன் மூஞ்சியும் அவனும், இப்படி. அவளுக்கு ஒரு சொல்கூடக் கிடையாது. அவள் எதைக்கொண்டு நினைக்கிறாள்?

உன் தங்கை


பிப்ரவரி 4

சின்னவளுக்கு,

போன கடிதத்தை நான் எழுதியிருக்கக்கூடாது. மறுபரிசோதனை வேண்டாம். உன் கால் விஷயத்தைப் படித்தபிறகு சந்தேகத்துக்கு இடமில்லை. அது உன் குற்றமும் இல்லை. கேள்வியைத் தயாரித்தவள் நான்.

நீ கேட்டதற்கு வருகிறேன். இதற்கு இரண்டு விதமான பதில் படித்திருக்கிறேன். ஒரு சாரார், சிந்தனை முதலில் செயலிலிருந்து வருகிறது, சொல் பிறகுதான் ஒட்டிக்கொள்கிறது என்கிறார்கள். அப்படியானால் அவள் கையால் நினைக்கிறாள், கண்ணால் நினைக்கிறாள். பொத்தானைத் தேடி எடுக்கும் குழந்தையின் தலையில் ஒன்றும் இல்லாமல் இருக்காது. இன்னொரு சாரார், சொல் முதலில் இரண்டு பேருக்கு நடுவில் இருக்கிறது, அம்மாவும் பிள்ளையும் பேசிய பேச்சுதான் பிறகு உள்ளே போய்ச் சிந்தனையாகிறது என்கிறார்கள். அப்படியானால்... அந்த வாக்கியத்தை நான் முடிக்கவில்லை. இரண்டையும் ஒரே மணி நேரத்தில் நடத்திவிட்டு, வேறுபாடுகளை அட்டவணைப்படுத்துக என்று கேள்வி கொடுப்பது என் வழக்கம். எல்லாரும் நன்றாகவே எழுதுவார்கள். உன் கேள்விக்கு அந்த விடைத்தாள்களில் பதில் இல்லை. எனக்குத் தெரியாது.

தெரிந்ததைச் சொல்கிறேன். மொழி படிவதற்கு முதல் சில வருஷங்கள் மிக முக்கியம். அதற்குப் பிறகு கதவு மூடிவிடும் என்பவர்களும் இருக்கிறார்கள், குறுகும் என்பவர்களும் இருக்கிறார்கள். பரவாயில்லை என்று சொல்பவர் யாரும் இல்லை. எனவே ஒரு நாளையும் வீணாக்காதே. காதுக் கருவி பலன் தருகிறதா என்று பார், கூடவே கைமொழி சொல்லிக்கொடுக்கும் பள்ளிக்கூடம் எங்கே இருக்கிறதென்று விசாரி. கையால் பேசுவது அரைகுறைப் பேச்சு என்று யாராவது சொன்னால் காதில் போட்டுக்கொள்ளாதே, அதுவும் முழு மொழிதான். நீயும் மாப்பிள்ளையும் கற்றுக்கொள்ளவேண்டும். அவளோடு பேச ஆள் இல்லாவிட்டால் அவளுக்கு மொழி வராது.

விடுமுறை விட்டதும் நான் வந்துவிடுகிறேன். நானும் சேர்ந்து கற்றுக்கொள்கிறேன். நீ அதட்டினாலும் வருவேன்.

முன்பு வந்து இரண்டு நாள் தங்கியிருந்தேனே, அவளுக்கு ஒன்றரை வயசில். அதைப் பற்றி உன்னிடம் ஒன்று சொல்லவேண்டும். வேண்டாம், நேரில் சொல்கிறேன்.

அக்கா


மார்ச் 2

அக்காவுக்கு,

காதுக் கருவி மாட்டினோம். மூன்று வாரம் பார்த்தார்கள், ஒரு பலனும் இல்லை. நல்லா இருக்கிற கருவியை ஏன் கெடுக்கிறீர்கள் என்கிற மாதிரி சொல்லிக் கழற்றி வாங்கிக்கொண்டார்கள். அவள் அதை வாயில் போட்டுக் கடித்ததுதான் மிச்சம்.

பஸ்ஸில் ஒரு மணி நேரத் தூரத்தில் கைமொழிப் பள்ளிக்கூடம் ஒன்று இருக்கிறது. காலையில் ஒரு வேளை அவளைக் கொண்டுபோய் விடுகிறேன், நானும் கூடவே உட்கார்ந்து கற்றுக்கொள்கிறேன். அங்கே இருக்கிற வாத்தியாருக்கும் காது கேட்காது, பெற்றோரிடம் ஒரு நோட்டில் எழுதிப் பேசுகிறார். நல்ல மனுஷன், கண்ணாலேயே கேலி பண்ணுவார், என் விரல்களைப் பார்த்து ஒவ்வொரு நாளும் சிரிக்கிறார்.

அந்தக் கூடத்தில் அவள் வயசுப் பிள்ளைகள் ஏழு பேர். ஒருத்தியின் அம்மா அப்பா இரண்டு பேருக்கும் காது கேட்காது, அதனால் பிறந்ததிலிருந்தே அவளோடு கையால் பேசியிருக்கிறார்கள். அந்தப் பொடிசு வாய் ஓயாத மாதிரி கை ஓயாமல் பேசுகிறாள். நேற்று நாய் துரத்தியதாம், அவள் ஓடினாளாம், செருப்பு போயிற்றாம். வாத்தியார் எனக்கு எழுதிக் காட்டினார். பூசணி அதை வேடிக்கை பார்த்துவிட்டு, அவளும் கையை ஆட்டினாள். வெறும் ஆட்டல். அவளுக்கு நேற்று என்று ஒன்று இருப்பதே தெரியாது அக்கா. அந்தக் குழந்தை இரண்டு தடவை திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்துவிட்டு, அலுத்துப்போய் வேறு பக்கம் போய்விட்டது.

முன்னாலேயே வந்திருந்தால் எப்படி இருந்திருப்பாள் என்று நோட்டில் எழுதிக் கேட்டேன். அவர் அந்தப் பொடிசைக் காட்டினார். பிறகு நோட்டை வாங்கித் தான் காட்டியதற்கு வருத்தம் என்று எழுதினார்.

இப்போது இன்னொன்று. உன் கல்லூரிப் புத்தகத்தின் இரண்டாம் பதிப்பு எங்கள் அச்சகத்துக்கு வந்திருக்கிறது. நீதான் சொல்லி அனுப்பினாய் என்று முதலாளி பெருமையாகச் சொன்னார். நாங்கள் மடிக்கிறவர்கள் படிக்கமாட்டோம், பக்க எண்ணை மட்டும்தான் பார்ப்போம், அது உனக்கும் தெரியும். எட்டாவது ஃபாரத் தாளை மடிக்கும்போது 'பொத்தான்' என்கிற சொல் கண்ணில் பட்டது. மூன்று கிண்ணம், சிவப்புப் பொத்தான். நம் வீட்டுக் கிண்ணம் அக்கா. 'குழந்தை அ' என்று எழுதியிருக்கிறாய். வயதை மீறிய அறிவுக்கூர்மை, சொற்களுக்கு அவசரப்படாத உள்முகச் சிந்தனை. என் பெண்ணைப் பற்றி இவ்வளவு அழகாக யாரும் எழுதியதில்லை. நிற்கிற இடத்திலேயே அழுதுகொண்டு படித்தேன்.

நூற்றுப் பதினெட்டாம் பக்கம். 'ஆய்வாளர் சென்றிருந்தபோது குழந்தை மெத்தையில் அமர்ந்து பொத்தான்களை வரிசைப்படுத்திக்கொண்டிருந்தது. சமையலறையில் பெரிய மூடியொன்று சிமெண்டுத் தரையில் பேரொலியுடன் விழுந்தது. குழந்தை திரும்பவில்லை. இது ஒருமித்த கவனத்தின் ஆழத்தைக் காட்டுகிறது.'

நான் அன்றைக்குக் கீழே கணக்குப்பிள்ளையோடு தாள்கட்டு எண்ணிக்கொண்டிருந்தேன். விடுமுறை நாள், மிஷின் ஓடவில்லை. எனக்கே கீழே அந்தச் சத்தம் கேட்டது. 'என்ன உடைச்ச' என்று மேலே பார்த்துக் கத்தினேன், நீ 'ஒண்ணுமில்ல' என்றாய்.

ஆயிரத்து இருநூறு பிரதி. அந்தப் பக்கத்தை ஆயிரத்து இருநூறு தடவை மடித்தேன். ஒவ்வொரு மடிப்புக்கும் ஒரே கேள்விதான். மூடி விழுந்தபோது நீ உண்மையிலேயே என்ன நினைத்தாய்?

உன் தங்கை


மார்ச் 10

சின்னவளுக்கு,

இதை நேரில் சொல்லவேண்டும் என்று வைத்திருந்தேன். அதுவும் பொய். நேரில் வந்திருந்தாலும் சொல்லியிருப்பேனா என்று தெரியவில்லை.

மூடி விழுந்தது ஒரு தடவை மட்டும் அல்ல. கை தவறித்தான் முதல் தடவை விழுந்தது. அவள் திரும்பவில்லை. மூடியை எடுத்து மறுபடி போட்டேன். பிறகு அவள் பின்னால் போய் நின்று கைதட்டினேன், இரண்டு தடவை, பலமாக. அவள் சிவப்புப் பொத்தானைப் பச்சைப் பொத்தான் பக்கத்தில் வைத்தாள். நீ கீழேயிருந்து கத்தினாய். நான் ஒன்றுமில்லை என்றேன்.

என்ன நினைத்தேன் என்று கேட்கிறாய். காது கேட்கவில்லை என்று நினைத்தேன். அந்த வார்த்தைகளிலேயே நினைத்தேன். முழுதாக ஒரு நிமிஷம் அப்படி நினைத்துக்கொண்டு நின்றேன்.

அடுத்த நிமிஷம் மற்றவையெல்லாம் வந்தன. மிஷின் சத்தத்தில் வளர்கிற குழந்தை, சத்தத்தைக் கண்டுகொள்ளாமல் இருக்கப் பழகியிருக்கும். கூப்பிட்டால் திரும்புகிறாள் என்று தங்கை எழுதுகிறாளே. நான் காது டாக்டர் இல்லையே. இவளை வைத்துப் புத்தகத்துக்கான பதினாறு பக்கக் கட்டுரையைப் பாதிக்கு மேல் எழுதிவிட்டேனே. இந்த வரிசையில்தான் வந்தன. கடைசியாக வந்ததுதான் முதல் காரணம். எனக்கென்று உருப்படியாக எழுதியது அந்த ஒரு கட்டுரைதான். இதுவரை யாரோ கண்டதைத்தான் நடத்திக்கொண்டிருந்தேன், முதல்தடவையாக நானே ஒரு குழந்தையைக் கண்டேன் என்று நினைத்தேன். அது தவறாகப் போவதை என்னால் தாங்கமுடியவில்லை.

நான் வகுப்பில் நடத்துகிற ஒன்றை உனக்குச் சொல்கிறேன், சமாதானத்துக்காக இல்லை. மனம் புதிதாக ஒன்றைச் சந்திக்கும்போது இரண்டு வழி இருக்கிறது. ஏற்கெனவே இருக்கிற பெட்டிக்குள் அதைத் திணிக்கலாம், இல்லையென்றால் பெட்டியையே மாற்றிக்கொள்ளலாம். எல்லா நாய்க்குட்டியையும் பூனை என்கிற குழந்தைகூட ஒருநாள் பெட்டியை மாற்றிக்கொள்ளும், அதற்குப் பெயர்தான் வளர்ச்சி என்று சொல்லிக்கொடுப்பேன். ஒன்றரை வயசுக் குழந்தை செய்வதை நான் செய்யவில்லை. திணித்தேன். 'ஒருமித்த கவனம்' என்று பெயர் எழுதி மூடிவிட்டேன்.

அதற்கப்புறம் நீ கேட்டபோதெல்லாம், பொறு, பொறு என்று எழுதினேன். உன்னைப் பொறுத்திருக்கச் சொல்லவில்லை சின்னவளே, நான் கண்டதை நீ காணாமல் இருக்கவேண்டும் என்று எழுதினேன். அந்த ஆறு பக்கக் கடிதம் உனக்குப் புரியாமல் இருந்ததில் ஆச்சரியம் இல்லை. புரியக்கூடாது என்றுதான் எழுதியிருக்கிறேன் போலிருக்கிறது.

இரண்டாம் பதிப்பை ஜனவரியில் உன் கடிதம் வந்த அன்றே நிறுத்தச் சொல்லியிருக்கலாம். நீங்கள் மடிக்கிற தாளைப் படிப்பதில்லை என்பது எனக்கு நினைவிருந்தது. அதையும் எழுதிவிடுகிறேன், எதுவும் மிச்சம் வைக்கவேண்டாம்.

நேற்று முதல்வரிடம் போய் அந்த அத்தியாயத்தை எடுத்துவிடச் சொன்னேன். பதிப்பு முடிந்துவிட்டது, திருத்தச் சீட்டு ஒட்டிக்கொள்ளலாம் என்றார். பிறகு வகுப்பிலும் எல்லாவற்றையும் சொன்னேன். எனக்குத் தண்ணீர் கொடுத்த அந்த மாணவி எழுந்து, "அப்ப ஏன் மேடம் நீங்க சொல்லல?" என்று கேட்டாள்.

நான் வரலாமா? உங்கள் வீட்டில் தங்கவேண்டும் என்றில்லை. பள்ளிக்கூடத்துப் பக்கத்தில் ஒரு அறை எடுத்துக்கொள்கிறேன். நீ என்னோடு பேசவேண்டாம். அவளைக் காலையில் கொண்டுவிடவும் கூட்டிவரவும், அவளோடு கையால் பேசவும் ஒரு ஆள் கூட இருந்தால் அவளுக்கு நல்லது. இது மட்டும் எனக்கு நிச்சயமாகத் தெரியும். வா என்று ஒரு வரி எழுது.

அக்கா


ஏப்ரல் 6

அக்காவுக்கு,

பதில் எழுதக் கூடாது என்று நான்கு வாரம் இருந்தேன். எழுதாமல் இருந்தால் நீ புறப்பட்டு வந்துவிடுவாய் என்று பயம், அதனால் எழுதுகிறேன். வராதே.

உன் கடிதத்தை அவருக்குப் படித்துக் காட்டினேன். கேட்டுவிட்டு எழுந்து கீழே போய், ஓடாத மிஷினுக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தார்.

பள்ளிக்கூடத்தில் சேரும்போது ஒரு படிவம் கொடுத்திருந்தார்கள். குறை முதலில் எப்போது, யாரால் கவனிக்கப்பட்டது என்று ஒரு கேள்வி. மூன்று வயது ஒன்பது மாதம், ஆஸ்பத்திரி என்று எழுதியிருந்தேன். போன வாரம் அதைத் திருப்பி வாங்கி அடித்துவிட்டு, ஒன்றரை வயது, தாயின் அக்கா என்று திருத்தினேன். வாத்தியார் படித்துவிட்டு என்னையும் படிவத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். நோட்டை என் பக்கம் தள்ளினார். நான் அதைத் திருப்பித் தள்ளிவிட்டேன்.

உன் திருத்தச் சீட்டும் எங்கள் மேசைக்குத்தான் வந்தது. பக்கம் நூற்றுப் பதினெட்டில் 'இது ஒருமித்த கவனத்தின் ஆழத்தைக் காட்டுகிறது' என்னும் வரியை நீக்கிப் படிக்கவும். விரல் நீளத்துக்கு ஒரு சீட்டு. இரண்டு நாள் உட்கார்ந்து ஆயிரத்து இருநூறு சீட்டையும் நானே ஒட்டினேன், வேறு யாரையும் தொடவிடவில்லை. அந்த வரி போய்விட்டால் மிச்சம் இருப்பது, மூடி விழுந்தது, குழந்தை திரும்பவில்லை. இப்போது அந்தப் பக்கம் சரியாகத்தான் இருக்கிறது.

உன்மேல் வெறுப்பா என்று கேட்டால் தெரியவில்லை. வெறுக்கக்கூட நேரம் இல்லை. ஆனால் நீ அவள் முன்னால் உட்கார்ந்தால், அவள் விரலை அசைக்கும்போதெல்லாம் உன் தலைக்குள் ஒரு வாக்கியம் தயாராகும். நீ எழுதமாட்டாய் என்று சத்தியம் பண்ணலாம். தயாராகாது என்று சத்தியம் பண்ண உன்னால் முடியாது. என் பெண் இன்னொரு தடவை யாருடைய பாடமாகவும் ஆகவேண்டாம்.

அவளுக்கு நாலு வயசு முடிந்துவிட்டது. இரண்டு மாதமாகப் பால், பந்து, படுக்கை என்று கையால் சொல்லிக்கொடுக்கிறார்கள். அவள் எல்லாவற்றையும் அப்படியே செய்துகாட்டுகிறாள், தேகப்பயிற்சி மாதிரி. பாலைக் காட்டிப் பாலுக்கான கையைச் செய்தால், அவளும் செய்துவிட்டுச் சிரிக்கிறாள். அந்தக் கைக்கும் அந்தப் பாலுக்கும் சம்பந்தம் இருக்கிறது என்பது இன்னும் உள்ளே போகவில்லை. போகும் என்கிறார் வாத்தியார். எவ்வளவு போகும் என்று கேட்டேன், அவளுக்குப் பாலுக்கான கையை மறுபடி செய்துகாட்டினார்.

ஒன்றை உன்னிடம் சொல்லாமல் முடிக்க மனம் வரவில்லை. அவள் உன்னை மறக்கவில்லை. பழைய போட்டோக்கள் வைத்திருக்கிற தகரப்பெட்டி ஒன்று கைக்குக் கிடைத்துவிட்டது. அதிலிருந்து உன் படத்தை எடுத்துக்கொண்டு வந்து என்னிடம் காட்டி, வாசல் கதவைக் காட்டினாள். பெரியம்மா எப்போது வருவாள் என்று கேட்கிறாள். அவள் பிறந்ததிலிருந்து என்னிடம் கேட்ட முதல் கேள்வி அது.

பெரியம்மா வரமாட்டாள். ஏன் வரமாட்டாள். இதை எந்தக் கையால் சொல்வது? நான் தலையை மட்டும் ஆட்டினேன், இல்லை என்று. அவள் கொஞ்ச நேரம் என் முகத்தைப் பார்த்தாள். தப்பான படத்தைக் கொண்டுவந்துவிட்டோம் என்று நினைத்துவிட்டாள் போலிருக்கிறது, உன் படத்தைக் கீழே வைத்துவிட்டுப் போய் வேறொரு படத்தை எடுத்துவந்தாள். என் கல்யாணப் படம். அதைக் காட்டிக் கதவைக் காட்டினாள். தலையை ஆட்டினேன். போய் அடுத்ததைக் கொண்டுவந்தாள்.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போது தரை முழுக்கப் போட்டோவாகக் கிடக்கிறது. பெட்டியில் இன்னும் நாலைந்துதான் பாக்கி. எடுத்துக்கொண்டு வருகிறாள்.

உன் தங்கை